மூன்று நிமிட முண்டாசு

எங்கள் கீபோர்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கச்சேரி முடிந்து, பெட்டிகளை வேனில் ஏற்றி, புறவழிச்சாலையில் ஏதோ ஒரு கடையில் பரோட்டாவுக்கு உட்கார்ந்த பிறகு, இரவு ஒன்றரை மணி வாக்கில்தான் குழுவுக்கு உயிர் வரும். ஒருவர் ஸ்பீக்கர் வெடித்த கதையைச் சொல்வார். இன்னொருவர் ஏதோ பழைய பாட்டின் இரண்டாவது இடையிசையில் வரும் கார்டு மேஜரா மைனரா என்று சண்டை பிடிப்பார். போன வருடம் மாசி மாதத் திருவிழா சீசனில், அப்படியோர் இரவில் ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ வந்து விழுந்தது. மூன்று நிமிடம்தான் இருக்கும். வெள்ளைத் தலைப்பாகை, அதன் நடுவில் பதித்த ஒரு கல், மை தீட்டியதுபோல் பெரிய கண்கள். ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனுக்கும் பியானோவுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து, ஒரு கையை அதிலும் இன்னொரு கையை இதிலும் வைத்து ஒரே நேரத்தில் வாசிக்கிறார். கட்டைகளைக் குனிந்து பார்ப்பதே இல்லை. பார்வை முழுக்க கேமராவில். ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் கோர்லா பண்டிட் என்று போட்டிருந்தது.

என் விரல் சும்மா இருக்கவில்லை. "எந்த வெள்ளைக்காரனோ, மாப்பிள்ளை அழைப்புக்கு முண்டாசு கட்டிவிட்ட மாதிரி இருக்கான். கோர்லான்னு எந்த ஊர்ல பேர் வைக்கிறாங்க?" என்று தட்டிவிட்டேன். மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கும் திருப்தி. இந்தியா என்றாலே பாம்பாட்டி, முண்டாசு, மர்மப் பார்வை என்று நினைக்கிற கூட்டத்தை ஒரு வரியில் காலி செய்துவிட்ட திருப்தி. பரோட்டாவை முடித்துவிட்டு வேனிலேயே தூங்கிப்போனேன்.

மறுநாள் மதியம் தனியாக ஒரு செய்தி. அனுப்பியவர் எங்கள் ட்ரூப்பில் டிரம்ஸ் வாசிக்கிற அண்ணன். கீபோர்டுக்காரர்கள் குழுவுக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட ஒரே டிரம்ஸ்காரர், அறுபதை நெருங்குகிறார், ஜாஸ் பைத்தியம். "அவரு வெள்ளைக்காரர் இல்ல தம்பி. இந்தியரும் இல்ல. கொஞ்சம் படிச்சுப் பாரு." அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

படித்தேன். அந்த முண்டாசுக்குள் இருந்தவரின் பெயர் ஜான் ரோலண்ட் ரெட். 1921-இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகன். அமெரிக்கக் கறுப்பர். கறுப்பராக இருந்தால் கிடைக்காத இடத்தில் உட்கார, வாழ்நாள் முழுக்க இந்தியராக இருந்தவர். 1998-இல் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் போன பிறகுதான், ஆர். ஜே. ஸ்மித் என்ற பத்திரிகையாளர் லாஸ் ஏஞ்சலஸ் இதழில் எழுதிய கட்டுரை வழியாக இது வெளியே வந்தது.

அவர் கதைக்குத் திரும்ப வருகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிச் செய்தி என்னை ஏறக்குறைய ஒரு வருடம் பழைய இசைக் குறும்படங்களுக்குள் தள்ளிவிட்டது. பேசும்படம் பிறந்த 1920-களின் கடைசியிலிருந்து தொலைக்காட்சி வந்த காலம் வரைக்கும் ஹாலிவுட் கம்பெனிகள் எடுத்துத் தள்ளிய பத்து நிமிட, இருபது நிமிடப் படங்கள். ஹாலிவுட் என்கிறோமே தவிர நிறைய படங்கள் நியூயார்க்கில் எடுத்தவை. வார்னரின் வைட்டபோன் குறும்படங்கள் புரூக்ளினில், பாரமவுண்டின் படங்கள் பல அஸ்டோரியாவில். இரவில் மேடையில் ஆடுகிற, பாடுகிற ஆட்களைப் பகலில் கூட்டி வந்து எடுத்துவிடலாம் என்பது வசதி.

வெட்டி எடுக்க வசதியான இடம்

முதலில் எனக்குப் புரியாத விஷயம் இதுதான். முழுநீளப் படங்களில் கறுப்பர்கள் கதவு திறந்துவிடுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், வீட்டு வேலை பார்க்கிறார்கள். அதே கம்பெனிகள், அதே வருடங்கள், ஆனால் குறும்படம் என்றால் ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டன் நடுநாயகமாகப் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். 1929-இல் வந்த 'பிளாக் அண்ட் டேன்' படத்தில் அவர் அவராகவே வருகிறார், கோட்டும் மரியாதையுமாக. அதே வருடம், அதே இயக்குநர் டட்லி மர்பியின் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்'. புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் நடித்த ஒரே படம் அது. காதலன் அடித்துத் தள்ளிவிட்டுப் போன பிறகு, மதுக்கடை கவுண்டரில் சாய்ந்து நின்று அவர் பாடத் தொடங்குகிற இடம் இருக்கிறதே, அங்கே பின்னால் ஒரு வாத்தியமும் இல்லை. வெறும் குரல். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கடையில் குடித்துக்கொண்டிருக்கும் ஆட்களே கோரஸாக மாறுகிறார்கள். இருபது வருடமாகப் பாடகர்களுக்குப் பின்னால் வாசிக்கிறேன். ஒரு குரல் வாத்தியங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவது எப்படி என்று அந்தப் பதினாறு நிமிடத்தில் பார்த்தேன்.

சரி, குறும்படத்தில் மட்டும் ஏன் இந்தத் தாராளம்? தாராளம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத் தியேட்டரில் செய்திப்படம், கார்ட்டூன், குறும்படம், அப்புறம்தான் மெயின் படம். குறும்படம் தனி ரீல். தெற்கு மாநிலங்களில் ஒரு தியேட்டர் முதலாளிக்குக் கறுப்பர் முகம் பிடிக்கவில்லையா, அந்த ரீலை வாங்காமல் விட்டால் போதும். மெயின் படத்துக்கு ஒரு சேதமும் இல்லை. முழுநீளப் படத்தில் இதையே கத்தரிக்கோலால் செய்தார்கள். 1940-களில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் வருகிற காட்சிகளைக் கவனித்தால் தெரியும்: ஒரு தூணோரம் வந்து நிற்பார், ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். கதையில் யாரோடும் பேச மாட்டார். மெம்பிஸ் நகரத் தணிக்கைக் குழுவின் தலைவராக இருபது வருடங்களுக்கு மேல் இருந்த லாயிட் பின்ஃபோர்டு போன்றவர்கள் அந்தப் பாட்டை மட்டும் கழற்றி எறியலாம். கதையில் ஓட்டை விழாது. எடுக்கும்போதே கழற்றுவதற்குத் தோதாக எடுத்தார்கள்.

இது எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட ஏற்பாடு. விழா மேடையில் முக்கிய விருந்தினர் வரத் தாமதமானால், "தம்பி, ஒரு இன்ஸ்ட்ருமெண்டல் போடுங்க" என்பார்கள். அந்த நேரத்தில் மேடை முழுக்க எங்களுடையது. எது வேண்டுமானாலும் வாசிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். என் வாழ்க்கையின் நல்ல வாசிப்புகளில் பாதி அந்த இடைவெளிகளில்தான் நடந்திருக்கிறது. கார் சத்தம் கேட்டதும் ஒருவர் ஓடிவந்து கையை அசைப்பார். எந்த ஸ்வரத்தில் இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். குறும்படத்தில் கறுப்பர்களுக்குக் கிடைத்த சுதந்திரம் அந்த வகைதான்.

அந்தச் சுதந்திரத்துக்கும் வாடகை உண்டு. 1932-இல் பாரமவுண்ட் எடுத்த 'ராப்சடி இன் பிளாக் அண்ட் புளூ'வில் எக்காளக்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுத்தைத் தோலைப் போர்த்திக்கொண்டு முழங்கால் அளவு சோப்பு நுரையில் நிற்கிறார். மனைவியிடம் அடி வாங்கி மயங்கிய ஒருவன் காணும் கனவு அது; அவன் ராஜா, ஆம்ஸ்ட்ராங் அவன் அரசவை வித்வான். அடுத்த வருடம் வைட்டபோன் எடுத்த 'ரூஃபஸ் ஜோன்ஸ் ஃபார் பிரசிடென்ட்' இன்னும் ஒரு படி மேலே. ஏழு வயது சாமி டேவிஸ் ஜூனியர் அமெரிக்க ஜனாதிபதி ஆவதாகக் கனவு. அம்மாவாக எதெல் வாட்டர்ஸ். ஒவ்வொரு ஓட்டுக்கும் இரண்டு துண்டு பன்றிக்கறி என்று பலகை வைத்திருக்கிறார்கள். கறுப்பர் ஜனாதிபதியாவதே அவர்களுக்கு ஜோக். தெற்கில் ஓட்டுப் போட வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று ஆயிரம் முட்டுக்கட்டை போட்டுக் கறுப்பர்களை வாக்குச்சாவடிப் பக்கமே வர விடாத காலத்தில், அவர்கள் கறிக்கு ஓட்டை விற்பதாகச் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பையன் ஆடுவதைப் பாருங்கள். எதெல் வாட்டர்ஸ் பாடுவதைக் கேளுங்கள். படத்தைத் தூக்கி எறியவும் முடியவில்லை, மடியில் வைத்துக் கொஞ்சவும் முடியவில்லை.

இந்த மாதிரிப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் இடத்தில் வந்து இளைப்பாறுகிறார்கள்: வேடம் எப்படி இருந்தால் என்ன, கலைஞன் அதைத் தாண்டிவிட்டான் பார் என்று. ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தைக் கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பில், தீம் என்று சொல்லி, எங்கள் ஏழு பேருக்கும் ஜிகினாச் சட்டையும் ராஜஸ்தான் முண்டாசும் போட்டு உட்கார வைத்தார்கள். எனக்குக் கிடைத்த முண்டாசு பெரியது. குனிந்தால் கண்ணை மறைத்தது. வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அன்றைக்கு நன்றாகவே வாசித்தோம். ஆனால் அந்த வீடியோவை நான் இதுவரை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. ஒரு சாயங்காலத்துக்கே அப்படி. இதை நினைத்த பிறகு, ஆம்ஸ்ட்ராங் அந்த நுரையைத் தாண்டிவிட்டார் என்று அவர் சார்பில் நான் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெர்ரிச் சாறு

அந்த வருடத்தில் நான் அதிகம் பார்த்த படம் 'ஜாமின் தி புளூஸ்'. 1944, வார்னர், பத்து நிமிடம். இயக்கியவர் கியோன் மிலி. அல்பேனியாவில் பிறந்து அமெரிக்கா வந்து 'லைஃப்' பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். ஒளிப்பதிவு ராபர்ட் பர்க்ஸ். இவர்தான் பின்னாளில் ஹிட்ச்காக்கின் ஆஸ்தான ஒளிப்பதிவாளர் ஆனார். தொடக்கத்தில் திரையில் வட்டத்துக்குள் வட்டமாக ஏதோ ஒரு வடிவம். புகை. அது என்ன என்று யோசிக்கும்போதே வடிவம் மெல்ல நிமிர்கிறது. லெஸ்டர் யங்கின் தொப்பி. கீழே அவர் முகம், பிறகு சாக்ஸபோன். சிறுத்தைத் தோல் இல்லை, பன்றிக்கறி இல்லை, கனவு இல்லை, கதையே இல்லை. வாசிக்கிறவர்கள் வாசிக்கிறார்கள், கேமரா அதை மரியாதையோடு பார்க்கிறது. இசைக்காரனைப் படம் எடுக்கத் தெரிந்த ஒருவர் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் யாருக்கும் இதைத்தான் காட்டுவேன். ஒரு ரீல் குறும்படப் பிரிவில் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

ஏழெட்டு முறை பார்த்த பிறகுதான் கிட்டார் என் கண்ணில் பட்டது. காதில் எப்போதோ விழுந்துவிட்டது. கண்ணுக்கு ஆள் அகப்படவில்லை. எல்லோர் முகத்திலும் ஒளி ஓரம் கட்டி நிற்கிறது. கிட்டார்க்காரர் மட்டும் நிழலாகவே இருக்கிறார். மேடையில் நான் உட்கார்ந்திருக்கும் இடமும் பெரும்பாலும் இருட்டுதான். ஃபோகஸ் லைட் பாடகருக்கு. அதனால் லைட்காரர் மறந்துவிட்ட இருட்டுக்கும் வேண்டுமென்றே வைத்த இருட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இது வைத்த இருட்டு.

அந்தக் கிட்டார்க்காரர் பார்னி கெஸல். இருபது வயதுப் பையன், ஒக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகியில் வளர்ந்தவர், சிறு வயதிலேயே கறுப்பர்களின் குழுவில் ஒரே வெள்ளையராகச் சேர்ந்து வாசித்துப் பழகியவர். இந்தப் படத்திலும் அவர் ஒருவர்தான் வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக உட்கார்ந்து வாசிப்பதைக் காட்டினால் தெற்கில் படம் போகாது என்று ஸ்டுடியோவுக்குப் பயம். படத்துக்கு இசைக்காரர்களைத் திரட்டிய நார்மன் கிரான்ஸ் கெஸலை விட முடியாது என்று பிடிவாதம். கடைசியில் ஒரு சமரசம்: கெஸல் வாசிக்கட்டும், ஆனால் நிழலில் இருக்கட்டும், விரல்களை அண்மைக் காட்சியில் காட்ட வேண்டியிருப்பதால் கையில் பெர்ரிச் சாற்றைப் பூசிக் கறுப்பாக்கிவிடலாம்.

இதைப் படித்துவிட்டு மறுபடி போய் அந்தக் கையைப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்தக் கோபத்தை எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. கறுப்பர்களின் படத்தில் ஒரு வெள்ளையர் மறைக்கப்பட்டது அநியாயமா? அதை அநியாயம் என்று சொன்னால், அவர்களை இத்தனை வருடம் மறைத்ததை என்னவென்று சொல்வது? அப்புறம் மெதுவாக உறைத்தது. மறைக்கப்பட்டது கெஸல்கூட இல்லை. அவர்கள் சேர்ந்து வாசித்ததைத்தான் மறைத்தார்கள். கறுப்பர் தனியாக வாசிக்கலாம், வெள்ளையர் தனியாக வாசிக்கலாம். ஒருவர் தாளத்துக்கு இன்னொருவர் தலையாட்டுவதை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது. குழுவில் வாசிக்கிற எவனுக்கும் தெரியும், இசை நடக்கிற இடமே அந்தத் தலையாட்டல்தான்.

லெஸ்டர் யங்கை அந்த வருடக் கடைசியில் ராணுவத்தில் இழுத்துக்கொண்டார்கள். 1945 பிப்ரவரியில் போதைப்பொருள் வைத்திருந்ததாக ராணுவ நீதிமன்றம், தண்டனை, சிறை. நிமிர்ந்து வருகிற அந்தத் தொப்பியை இப்போது பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கும் கூடவே வந்து தொலைக்கிறது.

பெர்ரிச் சாற்றைப் பற்றித் தெரிந்த பிறகு எங்கே பார்த்தாலும் பூச்சு. 1926-இல் பேசும்படத்தின் தொடக்க நாட்களிலேயே வெள்ளைக்காரப் பாடகர் ஆல் ஜோல்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஒரு வைட்டபோன் குறும்படத்தில் பாடிவிட்டார். அது ஊரறிந்த பூச்சு. நான் சொல்வது மற்ற வகை. 'பிளாக் அண்ட் டேன்' படத்தில் எலிங்டனுக்காக ஆடி ஆடியே செத்துப்போகிற பெண்ணாக வந்த ஃப்ரெடி வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பினப் பெண், ஆனால் மிகவும் வெளுப்பு. நான்கு வருடம் கழித்து அதே டட்லி மர்பி இயக்கிய 'தி எம்பரர் ஜோன்ஸ்' படத்தில், கறுப்பின நடிகர் பால் ராப்சன் ஒரு வெள்ளைக்காரியை அணைப்பதாக மக்கள் நினைத்துவிடுவார்கள் என்று அவருக்கே கறுப்பு மேக்கப் போட்டார்கள். கறுப்புப் பெண்ணைக் கறுப்பாக்க மேக்கப்! 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்ற பெண்கள் குழு மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பள்ளியில் தொடங்கியது. பல இனப் பெண்கள் சேர்ந்து வாசித்தார்கள். தெற்கில் சுற்றுப்பயணம் போகும்போது அதிலிருந்த வெள்ளைக்கார சாக்ஸபோன்காரர் ராஸ் கிரான் மாநிறப் பூச்சைப் பூசிக்கொள்வார். அது வியர்வையில் ஆரஞ்சு நிறமாகிக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை லாக்கப்பிலும் ஓர் இரவு இருந்திருக்கிறார். அந்தக் குழுவின் சில பாட்டுகள் சவுண்டீஸ் என்ற மூன்று நிமிடப் படங்களாக இருக்கின்றன. 1940-களில் மதுக்கடைகளிலும் ஓட்டல்களிலும் பனோரம் என்று படம் ஓட்டும் ஒரு பெட்டி இருக்கும். பத்து சென்ட் போட்டால் ஒரு பாட்டு ஓடும், எது ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை. 1,800-க்கு மேல் எடுத்தார்கள். அதில் 300 வாக்கில் கறுப்பினக் கலைஞர்களுடையவை.

எதிர்த்திசையிலும் ஆள் போயிருக்கிறார்கள். பாரமவுண்டின் 1930-களின் குறும்படங்களில் பொன்னிறக் கூந்தலோடு பெண்கள் குழுவை நடத்திய ஐனா ரே ஹட்டன், சிகாகோவில் ஒடெசா கவன் என்ற பெயரோடு பிறந்தவர். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் குடும்பம் கறுப்பினக் குடும்பமாகப் பதிவாகியிருக்கிறது. திரையில் பார்த்தவர்கள் அவரை வெள்ளையராகவே நினைத்தார்கள். 'லா குகராச்சா' என்ற 1934 குறும்படமோ முழுவண்ண டெக்னிகலரின் பெருமையைக் காட்டவே எடுத்தது, ஆஸ்கரும் வாங்கியது. மெக்சிகோ ஆட்டக்காரியாக அதில் சுழன்று ஆடுகிற ஸ்டெஃபி டூனா ஹங்கேரிக்காரர். நிறத்தைக் காட்டத்தான் அந்தப் படமே எடுத்தார்கள் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரிக்க நமக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம். கிராமத்துப் பெண் வேடத்துக்கு வெளுத்த நாயகியைக் கூட்டி வந்து பழுப்புப் பூசுகிற ஊர்தானே நம்முடையது.

பண்டிட்

இப்போது முண்டாசுக்கு வரலாம். ரெட் மிசூரியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்தபோது அங்கே இசைக்காரர்களுக்கு இரண்டு சங்கங்கள்: வெள்ளையருக்கு 47-ஆம் கிளை, கறுப்பருக்கு 767-ஆம் கிளை. வருமானமுள்ள ரேடியோ, ஸ்டுடியோ வேலைகள் முதல் சங்கத்தோடு. இரண்டும் ஒன்றானது 1953-இல்தான். முதலில் அவர் ஹுவான் ரோலாண்டோ என்று மெக்சிகோக்காரர் ஆனார், வேலை கிடைத்தது. 1944-இல் பெரில் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். டிஸ்னியில் ஓவியராக இருந்தவர். கலிபோர்னியாவில் 1948 வரைக்கும் அப்படியொரு கல்யாணம் செல்லாது என்பதால் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்குப் போய்ச் செய்துகொண்டார்கள். அப்புறம்தான் கோர்லா பண்டிட் பிறந்தார்: ஊர் டெல்லி, அப்பா பிராமணர், அம்மா பிரெஞ்சு ஓபராப் பாடகி. 1949-இல் கே.டி.எல்.ஏ. என்ற லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சியில் கால் மணி நேர நிகழ்ச்சி. நூற்றுக்கணக்கான முறை ஒளிபரப்பானது. அத்தனையிலும் பேச்சு கிடையாது. பார்வையும் வாசிப்பும் மட்டும். பேசினால் மிசூரி வெளியே வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவுக்கு வந்த அந்த மூன்று நிமிடம், ஸ்னேடர் என்பவர் 1950-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி நிலையங்களின் இடைவெளிகளை நிரப்ப எடுத்து விற்ற இசைக் குறும்படங்களில் ஒன்று. அதே வரிசையில் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல் இருக்கிறார், எலிங்டன் இருக்கிறார், சாரா வாகன் இருக்கிறார், எல்லோரும் சொந்தப் பெயரில், சொந்த முகத்தில். மூன்று நிமிடத்துக்கு அது முடிந்தது. ஆனால் அதே நாட் கிங் கோல் 1956-இல் தேசிய அளவில் வாராவார நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியபோது, நிலையாகக் கூட நிற்க நாடு தழுவிய விளம்பரதாரர் கிடைக்கவில்லை. அடுத்த வருடக் கடைசியில் நிகழ்ச்சி நின்றது. நாட்டின் அத்தனை பேரும் அறிந்த குரல் அது. கறுப்பர் தன் பெயரோடு வந்தால் மூன்று நிமிடம். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தால் தினப்படி கால் மணி நேரம். அந்தத் துணியின் விலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இது அவர் ஒருவருடைய மூளையில் உதித்த தந்திரமும் இல்லை. 1947-இல் ஜெஸ்ஸி ரூட்டே என்ற நியூயார்க் லூத்தரன் போதகர், கறுப்பர், அலபாமாவின் மொபைல் நகருக்கு ஊதா நிறத் தலைப்பாகை கட்டிக்கொண்டு போனார். நான்கு வருடம் முன்பு தலைப்பாகை இல்லாமல் போய் அவமானப்பட்டவர். இந்த முறை ராஜ உபசாரம். உணவகத்தில், இங்கே ஒரு கறுப்பர் சாப்பிட வந்தால் என்ன ஆகும் என்று விசாரித்தாராம். எந்தக் கறுப்பரும் இங்கே வரத் துணிய மாட்டார் என்று பதில் வந்திருக்கிறது. தாடையைத் தடவிக்கொண்டு இனிப்பு கொண்டுவரச் சொன்னாராம் மனுஷர். அதற்கும் முன்னால், 1920-களில் இலங்கையிலிருந்து சிகாகோவுக்குப் படிக்கப் போன சந்திர தர்ம சேன குணரத்ன, சில கஜம் துணி தலையில் இருந்தால் அமெரிக்காவில் நிறத் தொல்லையிலிருந்து தப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் அமெரிக்காவில் இந்தியர்களுக்கு அவ்வளவு மவுசா என்றால், அதுவும் இல்லை. நிஜமான தலைப்பாகையோடு, அமெரிக்க ராணுவத்திலும் இருந்த பகத் சிங் திந்துக்கு 1923-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் குடியுரிமை இல்லை என்றது. நீ வெள்ளையன் கிடையாது என்பதுதான் காரணம். பொதுவாக இந்தியர்களுக்கு 1946 வரை அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அதன் பிறகும் வருடத்துக்கு நூறு பேர்தான் குடியேறலாம். இந்த எண்ணிக்கையைப் படித்த இரவுதான் என் வாட்ஸ்அப் வரி என்னை உண்மையாகவே குத்தியது. அந்த வீடியோவைப் பார்த்த ஒரு நொடியில், இது இந்திய முண்டாசு இல்லை, இது இந்தியப் பெயர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் 1949-இல் அந்த நிகழ்ச்சியைப் பார்த்த இல்லத்தரசிகளில் எத்தனை பேர் ஓர் இந்தியரைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? எங்களைப் போன்ற முகம் அவர்களுடைய தெருவிலும் இல்லை, திரையிலும் இல்லை. இருந்திருந்தால் எவனாவது என்னைப் போல ஒருவன், "கோர்லான்னு எந்த ஊர்ல பேர் வைக்கிறாங்க?" என்று கேட்டிருப்பான். ரெட்டின் வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். நாங்கள் இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் அவர் ஐம்பது வருடம் ஒளிந்திருந்தார்.

அதனால் அவர் செய்தது சரியாகிவிடுமா என்று டிரம்ஸ் அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். இந்தியாவைப் பற்றிய அந்த மாய மந்திரப் பொய்யை, மர்மப் பார்வையை, அவரும்தானே விற்றார்? அதனால் பின்னால் நிஜ இந்தியர்கள் எத்தனை பேர் முண்டாசு கட்டச் சொல்லி நிர்ப்பந்திக்கப்பட்டிருப்பார்கள்? அண்ணன் கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். "நீ அந்தக் கல்யாணத்துல கட்டுனியே தம்பி, ஏன் கட்டுன?" என்றார். பேமெண்ட்டுக்காக என்றேன். "அப்போ விடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வார ஊர்வலக் கச்சேரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு விட முடியவில்லை. என் கேள்வியும் சரிதான் என்று இன்னமும் படுகிறது. கட்டிய முண்டாசை நான் அன்றைக்கு ராத்திரியே கழற்றிவிட்டேன் என்பதும் இருக்கிறது. அவர் பொது இடத்தில் அதைக் கழற்றியதே இல்லை என்கிறார்கள். அவர் கூடப் பிறந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பையன் பெரிய ஆளாகித் தினமும் தொலைக்காட்சியில் வருகிறான், அவன் எங்கள் பிள்ளை என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கூடாது என்றால், அந்த அம்மா அந்தக் கால் மணி நேரத்தை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போதெல்லாம் அந்த வீடியோவை முகத்தை விட்டுவிட்டுப் பார்க்கிறேன். ஆர்கனில் இருக்கிற கையை மட்டும். ஹாமண்டில் விரலை எடுத்தவுடன் சத்தம் நின்றுவிடும். பியானோ மாதிரி பெடலை மிதித்து இழுக்க முடியாது. அதனால் ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு விரலை மாற்றி மாற்றித் தேய்த்துத்தான் ராகத்தை இழுக்க வேண்டும். அவர் அதைக் குனிந்து பார்க்காமல் செய்கிறார், இன்னொரு கை பியானோவில் வேறு தாளத்தில் போய்க்கொண்டிருக்கும்போது. நான் வீட்டில் இரண்டு கீபோர்டை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து ஒரு மாதமாக முயற்சி செய்கிறேன். எட்டு மாத்திரை தாண்டுவதற்குள் பார்வை தானாகக் கட்டைக்குப் போய்விடுகிறது.

குழுவில் நான் போட்ட வரியை அழித்துவிடலாம் என்று போன வாரம் தேடிப் போனேன். நாள் கடந்துவிட்டது, இனி எல்லோருக்கும் அழிக்க முடியாதாம், என் போனில் மட்டும் அழிக்கலாமாம். அப்படியே விட்டுவிட்டேன். அந்த மூன்று சிரிப்புப் பொம்மைகளும் கீழே அப்படியே இருக்கின்றன.